மனிதத் துயரமும் இரண்டு ஆம்லெட்டும்

மதுரைக் கலைக்கூடத்தில் 'மனிதத் துயரம்' காட்சி தொடங்கியது. நாற்காலியில் அமரும் நடிகை தாட்சாயணியின் மனதில் ஓடுவதைச் செயற்கை நுண்ணறிவு உடனுக்குடன் எதிர்ச் சுவரில் ஓவியமாகத் தீட்டும். துயரம் ஆழமாக வர வேண்டுமென்று இயக்குநர் இளம்பரிதி அவளைக் காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தார்.

விளக்குகள் அணைந்தன. சுவர் முழுக்கக் கொத்து பரோட்டா, ஆவி பறக்க.

"சிதறுண்ட மனிதன்!" என்று ஒரு விமர்சகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவரில் சால்னா ஊற்றப்பட்டதும் அவரே எச்சில் விழுங்கினார்.

இளம்பரிதி பல்லைக் கடித்தபடி அவளிடம் குனிந்தார். "துயரம் எங்கம்மா? இன்னியோட உனக்கு வேலை இல்ல."

"பட்டினி போட்டா பரோட்டாதான் சார் வரும். வேணும்னா நீங்க ஒக்காந்து பாருங்க."

உலகத்துக் கவலையையெல்லாம் முகத்தில் வரவழைத்துக்கொண்டு அவர் அமர்ந்தார். அதே பரோட்டா வந்தது. மேலே இரண்டு ஆம்லெட்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

"நீங்களும் பட்டினியா சார்?"

"நான் சாப்பிட்டுட்டுதாம்மா வந்தேன்" என்று முனகியவர், தானும் சிரித்துவிட்டார். "நாளைக்கு நீயும் சாப்பிட்டுட்டு வா."

"அப்ப வேலை இருக்கா சார்?"

"இருக்கு, இருக்கு. முதல்ல அந்தப் பரோட்டாக் கடை எங்கன்னு சொல்லு."

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.