காளான் பேசியது

"ஒண்ணுமே இல்லை ஐயா. கடையில விக்கிற சாதாரண சமையல் காளான்தான்" என்றாள் மெரிடித். கான்பெராவில் போதைப்பொருளைச் சோதித்துச் சொல்லும் மையத்தில் அவளுக்கு வேலை.

பெரியவரின் முகம் தொங்கிப்போனது. "நல்லாப் பாத்தியாம்மா? வித்தவன் மேஜிக் காளான்னு சொல்லித்தான் குடுத்தான்."

"மெஷின்ல ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன். போதை துளிகூட இல்லை. பறக்கலாம்னு ஆசைப்பட்டீங்களாக்கும்?"

"ஞாயித்துக்கிழமையே பாதியைத் தின்னுட்டேன்."

"அப்ப ஒண்ணும் ஆகியிருக்காதே."

"ஆச்சே." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "மருமகன் டாரிலைக் கட்டிப்பிடிச்சு அழுதேன். உன்னை மாதிரி சாசேஜ் சுட எனக்கு வராதுடா, என் சொந்தப் பையனைவிட நீதான் மேல்னு சொல்லிட்டேன். பதினோரு வருஷமா அவன்கிட்ட ஃபுட்பால் ஸ்கோரைத் தவிர எதுவும் பேசினதில்லை. மறுநாள், பேசினது நானில்லை, காளான்னு சொல்லிச் சமாளிச்சேன்."

மெரிடித் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"கொஞ்சூண்டு இருக்குன்னு எழுதிக் குடேன். அவனுக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும்."

"பொய் எழுத முடியாது ஐயா. ஆனா இங்க யார் பேரையும் கேக்கறதில்லை. யார் வந்தாங்க, என்ன ரிசல்ட்டுன்னு வெளியில மூச்சு விட மாட்டோம்."

பெரியவர் நிம்மதியாகக் கிளம்பினார்.

மெரிடித் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். காலையில் ஒரு தாடிக்காரர் வந்ததைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. "மாமனார் டப்பாவிலேர்ந்து சுட்டது" என்று இதே காளானில் ஒரு துண்டை நீட்டியவர், ஒன்றுமில்லை என்றதும் கண்கலங்கி, ரிசல்ட்டில் ஒரு நகல் கேட்டு வாங்கிப் போயிருந்தார், ஃப்ரிட்ஜில் ஒட்டுவதற்கு.