விடை சரி, மதிப்பெண் பூஜ்யம்

"விடை சரி. மார்க் பூஜ்யம். இது எந்த ஊர் நியாயம்மா?"

முதன்மைத் தேர்வாளர் விடைத்தாளை மேஜைமேல் வைத்தார். எறிந்தார் என்பதே பொருத்தம். திருத்தும் கூடத்தில் பேனாக்கள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின.

எதிரே இருந்த கணித ஆசிரியை நிமிரவில்லை. மதிப்பெண்ணை இரக்கமின்றி வெட்டுபவர் என்பதால், சக ஆசிரியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல்.

"கீயில இல்லாத முறை, சார்."

கேள்வி எளியது. ஓர் எண்ணோடு அதன் கால் பங்கைக் கூட்டினால் நாற்பத்தைந்து. அந்த எண் எது? எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு அமைத்தால் இரண்டு மதிப்பெண், படிகளுக்கு இரண்டு, விடைக்கு ஒன்று. 'கீ' எனப்படும் விடைக்குறிப்பு அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

எழுதிய பிள்ளையோ எக்ஸ் பக்கமே போகவில்லை. எண் நான்கு என்று வைத்துக்கொண்டது. கால் பங்கைச் சேர்த்தால் ஐந்து. வேண்டியது நாற்பத்தைந்து, அதாவது ஒன்பது மடங்கு. ஆகவே நான்கையும் ஒன்பதால் பெருக்கி, முப்பத்தாறு என்று எழுதி முடித்துவிட்டது.

"வாய்க்கு வந்த நம்பரைப் போட்டிருக்கு, சார். ஊகம்."

"ஊகமா? எகிப்துக்காரங்க நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தாம்மா போட்டாங்க. எக்ஸ் எல்லாம் ரொம்பப் பின்னாடி வந்தது. முதல்ல ஒரு தப்பான எண்ணை வச்சுப் பார்க்கிறது, எத்தனை மடங்கு குறையுதுன்னு கண்டுபிடிச்சுத் திருத்துறது. காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா உங்களுக்கு?"

"எகிப்துக்காரங்க நம்ம பரீட்சை எழுதலையே, சார்."

பக்கத்து மேஜையில் இருந்த இளம் ஆசிரியை சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

முதன்மைத் தேர்வாளரின் காது சிவந்தது.

"மொத்தத்தைப் பார்த்தீங்களா? முப்பத்திமூணு. ரெண்டே மார்க்குல பெயில். ஒரு வருஷம் வீணாப் போகும் அந்தப் பிள்ளைக்கு. விடைக்கு உண்டான ஒரு மார்க்கைக்கூடப் போட மனசு வரலையா?"

"படி இல்லாத விடை எதுக்கு, சார்?"

"உங்ககிட்டப் பேசினா எனக்கு பிரஷர்தான் ஏறும்."

பச்சைப் பேனாவைத் திறந்தார். பூஜ்யத்தை அடித்தார். ஐந்து என்று எழுதி, தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்திட்டார்.

"இவங்க பாடம் எடுத்தா, பிள்ளைங்க கணக்குன்னாலே ஏன் ஓட மாட்டாங்க" என்று கூடமே கேட்கும்படி முணுமுணுத்தவாறு தாளுடன் போனார்.

இளம் ஆசிரியை நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"ஏன்க்கா இவ்வளவு வாங்கிக் கட்டிக்கிறீங்க? விடைக்கு ஒண்ணைப் போட்டிருந்தா அதோட முடிஞ்சிருக்குமே."

கத்தரிக்கோல் அடுத்த தாளைப் பிரித்தார்.

"முடிஞ்சுதான் போயிருக்கும், முப்பத்திநாலுல. கீயைத் தாண்டி மார்க் போடற அதிகாரம் அவருக்கு மட்டும்தான். சரியான விடைக்குப் பூஜ்யம் விழுந்தாத்தான் தாள் அவர் மேஜைக்குப் போகும்."

"அப்போ நேராப் போய்க் கேட்டிருக்கலாமே?"

"போன வருஷம் இதே மாதிரி ஒரு தாளுக்குக் கேட்டேன். கீயைப் பாருங்கம்மான்னு திருப்பி அனுப்பிட்டார்."