பக்கத்துப் படகு

புயல் திசை மாறிவிட்ட மத்தியானம், எஞ்சின் நின்றுபோன விசைப்படகு ஒன்றில் ஏழு பேர் நடுக்கடலில் தவித்துக்கொண்டிருந்தார்கள். படகுகள் அனுப்பும் இருப்பிடத் தகவலை வைத்து அவர்களுக்கு மிகப் பக்கத்தில் எந்தப் படகு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் ஜெனிபா அவசரமாக டைப்ஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதி முடித்தாள்.

"இதை ஜாவாஸ்கிரிப்டா மாத்தித்தானே ஓட்டணும்? அதுக்கான செட்டப் இந்த மெஷின்ல இல்லையேம்மா," என்றார் அதிகாரி சவரிமுத்து.

"மாத்தவே வேண்டாம் சார். இந்த மெஷின்ல இருக்கிற புது வெர்ஷன் இதை அப்படியே ஓட்டும்."

கறுப்புத் திரையில் ஒரே வரி அடித்து என்டரைத் தட்டினாள். ஒரு கணம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு படகின் பெயரும், அதிலிருந்து போக வேண்டிய திசையும் தூரமும் வந்து நின்றன.

சவரிமுத்து வயர்லெஸ்ஸில் அந்தப் படகைக் கூப்பிட்டார். "வடக்கே நாலு மைல்ல நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. திருப்புப்பா."

"இங்க ஒண்ணுமே தெரியலையே. யாரு சொன்னா?"

"எங்க ஜெனிபா சொல்லுது. நம்பித் திருப்பு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது. பிறகு அதே குரல் கத்தியது: "தெரியுறாங்க! சட்டையைக் கழட்டி ஆட்டுறாங்க!"

சவரிமுத்து மைக்கை அவளிடம் நீட்டினார்.

"நீயே பதில் சொல்லும்மா."