முதல் வரியில் விடை

“விடை முதல் வரியிலேயே இருக்கணும்மா,” என்றார் பூட்டுக்காரர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

எந்தக் கடையின் வெப்சைட்டாக இருந்தாலும் தேடலில் முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவள் பிழைப்பு. தொழிலில் உள்ளவர்கள் அவளுக்கு ‘முதலிடம்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். தனக்கு ஒரு வெப்சைட் செய்து தரச் சொல்லி வந்துவிட்டு, அவளுக்கே பாடம் எடுக்கிறார் மனிதர்.

எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஏசி போட்டிருந்தது. வந்ததிலிருந்து இரண்டு முறை அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டார் பூட்டுக்காரர்.

விடையை முதலில் சொன்னால் வந்தவர் படித்துவிட்டு உடனே போய்விடுவார், ஆள் தங்காத பக்கத்தைத் தேடுபொறி கீழே தள்ளிவிடும் என்று பொறுமையாக விளக்கினாள். முதலில் கொஞ்சம் வரலாறு, பிறகு கொஞ்சம் பயமுறுத்தல், நடுவில் விளம்பரம். விடை கடைசியில்தான் வர வேண்டும்.

சொன்னால் போதாது என்று, புதிதாக வரும் எல்லோருக்கும் காட்டும் வரைபடத்தை அவருக்கும் காட்டினாள். கதவு விற்கும் கம்பெனி ஒன்றுக்கு அவள் செய்து கொடுத்த பக்கத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்ற கணக்கு அது. உள்ளே வந்தவர் லேசில் வெளியே போவதில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

பூட்டுக்காரர் அந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி சார், உங்க விடைதான் என்ன?”

“பாத்ரூம்ல உள்பக்கம் பொத்தானை அமுக்கித் தாழ் போட்டுக்கிட்டா, வெளியில கைப்பிடி நடுவுல கோடு மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அதுல ஒரு காசை வெச்சுத் திருப்பினா திறந்துக்கும். அவ்வளவுதான். படம் வேணாம், என் போன் நம்பர் வேணாம்.”

அவள் தலையைத் திருப்பி அறை மூலையில் இருந்த பாத்ரூம் கதவைப் பார்த்தாள். உருண்டைக் கைப்பிடியின் நடுவில் அந்தக் கோடு இருந்தது. இத்தனை வருடமாக அதை அலங்காரம் என்று நினைத்திருந்தாள்.

குறுகுறுப்புத் தாங்கவில்லை. கைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்தாள். உள்பக்கத்துப் பொத்தானை அமுக்கிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. காசை அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருப்பினாள்.

டக்கென்று திறந்துகொண்டது.

இன்னொரு முறை பூட்டித் திறந்தாள். சின்னப் பிள்ளை மாதிரி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் இது என்ன வியாபாரம்? பூட்டுத் திறந்து கூலி வாங்குகிறவர், திறக்கும் வித்தையை ஊருக்கே இலவசமாகச் சொல்லித் தருகிறார். போன் நம்பர்கூட வேண்டாம் என்கிறார். இதற்கு வெப்சைட் வேறு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாரே என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இப்படிச் சொல்லிக் கொடுத்துட்டா யார் சார் உங்களைக் கூப்பிடுவா?”

“கூப்பிட்டாம்மா, என் பொண்ணு. நான் எடுக்கலை.”

யாரோ ஒருவர் வீட்டில் பீரோவைத் துளை போட்டுத் திறந்துகொண்டிருந்தாராம். அந்த இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை. அதே நேரத்தில் அவர் வீட்டில், நடை பழகியிருந்த பேத்தி பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டுவிட்டாள். உள்ளே குழாய் திறந்திருந்தது, தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. அப்பா எடுக்கவில்லை என்றதும் மகள் அதே போனில் தேடினாள். முதலாவதாக வந்த பக்கத்தைத் திறந்தாள். மனிதன் எந்தக் காலத்தில் கதவு செய்யத் தொடங்கினான் என்று அது ஆரம்பித்ததாம். தள்ளினாள், தள்ளினாள், விடை வரவில்லை. உள்ளே அழுகைச் சத்தம் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து தோளால் இடித்துக் கதவை உடைத்தார்.

“பேத்தி இப்ப நல்லாத்தான் இருக்கா,” என்றார் அவசரமாக, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. “வீட்ல எந்தக் கதவையும் சாத்த விடமாட்டேங்கறா. எங்களுக்கும் அதே பழக்கமாயிடுச்சு.”

பூட்டுக்காரர் வீட்டில் ஒரு கதவும் சாத்துவதில்லை. கேட்க அவளுக்கு மனசு கனத்தது.

அப்போதும் தொழில் புத்தி விடவில்லை. முதலிடத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் அங்கே இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும்.

“அது எந்தப் பக்கம் சார்?”

அவர் திரையில் இருந்த வரைபடத்தை ஒரு முறை பார்த்தார்.

“அடியில ஓரமா, செஞ்சவங்க பேர் சின்னதாப் போட்டிருந்தது. அதை வெச்சுத்தான்மா உங்களைத் தேடி வந்தேன்.” அவர் குரலில் கோபம் இல்லை. “அதையே முதல்ல கொண்டுவந்தவங்க, இதையும் கொண்டுவந்துடுவீங்க.”

அவர் போன பிறகு அவள் தன் போனை எடுத்துத் தேடினாள். அவளுடைய பக்கம்தான் முதலாவதாக வந்தது. அதன் கடைசியில் என்ன எழுதினோம் என்பது அவளுக்கு நினைவே இல்லை. கதவின் வரலாற்றைத் தள்ளினாள். விளம்பரத்தைத் தள்ளினாள். பாதுகாப்பான வீட்டுக்கான யோசனைகளைத் தள்ளினாள். காசு என்ற சொல் வருவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டியது.

கணினித் திரையில் வரைபடம் அப்படியே இருந்தது. உள்ளே வந்தவர் லேசில் வெளியே போவதில்லை.

அவள் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்து, பழைய பக்கத்தின் முதல் வரியை அழித்தாள்.