பொறுப்பில்லாத ஆள்

"யாருடா அந்தச் சிட்டுக்குருவி?"

சரவெடி போட்ட சத்தத்தில் பக்கத்து டீம்காரர்கள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். டீம் லீடரான அவளுக்குச் 'சரவெடி' என்று பட்டப்பெயர் வைத்தது அவள் டீம்தான். நேரில் கூப்பிடும் தைரியம் மட்டும் யாருக்கும் கிடையாது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் டெமோ. ஆஸ்பத்திரிக்காரர்கள் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தாயிற்று. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதி என்று தாயின் போனுக்கு ஞாபகப்படுத்தும் ஆப் அது. இன்றைக்குச் சொதப்பினால் ப்ராஜெக்ட் வேறு டீமுக்குப் போய்விடும் என்று மேலிடம் கறாராகச் சொல்லியிருந்தது.

நேற்று சாயங்காலம் வரை சமர்த்தாக ஓடிய ஆப், காலையில் 'லைப்ரரியைக் காணோம்' என்று கையை விரித்துவிட்டது. வேறு யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராமுக்குத்தான் லைப்ரரி என்று பெயர்.

"தேதிக் கணக்குப் போட ஒரு லைப்ரரி எடுத்துச் சேர்த்திருக்கோம்லக்கா, அதை எழுதினவரோட புனைபெயர்தான் சிட்டுக்குருவி" என்றான் டீமில் எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் பையன். "நெட்ல பொதுவா போட்டு வச்சிருக்கார், யார் வேணா சும்மா எடுத்துக்கலாம். பழைய பதிப்புல ஏதோ ஓட்டைன்னு அதைத் தூக்கிட்டு, நேத்து புதுசு விட்டிருக்கார். புதுசு இன்னொரு லைப்ரரியைக் கேக்குது. அது எங்கயுமே இல்ல."

"நம்ம மெஷின்ல பழசு இருக்குமே?"

மீசை தலையைச் சொறிந்தான். "எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி இறக்கினா சரியாயிடும்னு நினைச்சேன்."

"நீ அழிச்சே சரி. மத்தவங்க?"

டீமின் மற்ற மூன்று பேரும் கீபோர்டைப் பார்த்தார்கள். எல்லோரும் அதே வைத்தியத்தைத்தான் பார்த்திருந்தார்கள்.

சரவெடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எர்ரரை அப்படியே ஒட்டி, கீழே சிட்டுக்குருவிக்கு ஒரு மெசேஜ் பொரிந்து தள்ளினாள். 'உங்களை நம்பி ஒரு ஆஸ்பத்திரி ஆப் நிக்குது. இப்படியா பண்றது? கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?'

உடனே பதில் வந்தது. 'மன்னிக்கணும், ஒரு துணை லைப்ரரியைச் சேர்க்காம விட்டது என் தப்பு. இப்பவே பார்க்கறேன். எந்த லைப்ரரியில எந்தப் பதிப்பை எடுக்கணும்னு எழுதியிருக்கற உங்க அமைப்பு ஃபைலையும் அனுப்புங்க.'

அனுப்பினாள்.

அந்த நேரம் பார்த்து ஹெச்.ஆர். பெண் வந்து நின்றாள். "மேடம், இன்டர்வியூவுக்கு ஒருத்தர் வந்திருக்கார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வரவேற்பறை மீன் தொட்டியை ஒட்டி ஓர் இளைஞன் மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான்.

"எப்படியும் பதில் வர்ற வரைக்கும் சும்மாதான் இருக்கணும். வரச் சொல்லு, ரெண்டு கேள்வி கேட்டுடறேன்."

போன வேகத்தில் ஹெச்.ஆர். பெண் திரும்பி வந்தாள். "ஏதோ அவசர வேலையாம் மேடம். கொஞ்சம் பொறுத்து வரட்டுமான்னு கேக்கறார்."

சரவெடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேலை கேட்டு வந்த இடத்துல நம்மளைக் காத்திருக்கச் சொல்றாரா? பொறுப்பு இல்லாதவங்களுக்கு இங்க இடமில்லன்னு சொல்லியே அனுப்பு."

"மேடம், பார்த்தா நல்ல..."

"அனுப்பும்மா."

இந்தப் பக்கம் திரையில் அடுத்த மெசேஜ் வந்திருந்தது. 'ஃபைலைப் பார்த்தேன். எது புதுசோ அதை எடுன்னு எழுதி வச்சிருக்கீங்க. அதனாலதான் என் தப்பு உங்க தலையில விடிஞ்சுது. பதிப்பு எண்ணைக் குறிச்சுப் போட்டுக்கோங்க.'

சரவெடிக்கு முகம் சிவந்தது. இதே பாடத்தைப் போன வாரம் மீசைக்கு எடுத்தவள் அவள்தான்.

'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று எழுதிய சிட்டுக்குருவியிடமிருந்து அதற்கப்புறம் சத்தத்தையே காணோம். ஐந்து நிமிஷம் பத்தாயிற்று. ஆஸ்பத்திரிக்காரர்களின் கார் வாசலில் வந்து நின்றது. மீசை நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டான்.

'தாமதத்துக்கு மன்னிக்கணும், இடம் மாற வேண்டியதாயிடுச்சு. புதுசு போட்டுட்டேன், இறக்கிப் பாருங்க.'

மீசை இறக்கினான். அத்தனை பேரும் அவன் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிவப்பு எழுத்து ஒன்று வந்தது. பதிப்பு எண்ணில் ஒரு புள்ளியை விட்டிருந்தான், அவ்வளவுதான். திருத்தினான்.

பச்சை.

அந்தத் தளமே கை தட்டியது. சரவெடி மீசையின் முதுகில் போட்ட போடில் அவன் மேசையில் மோதிக்கொண்டான்.

டெமோ அமர்க்களமாக நடந்தது. தடுப்பூசித் தேதி கணக்காக வந்து நின்றபோது பெரிய டாக்டரே எழுந்து கை கொடுத்தார். ப்ராஜெக்ட் அவளிடமே நிலைத்தது.

சந்தோஷத்தில் கால் தரையில் பாவாமல் சீட்டுக்கு ஓடி வந்தாள் சரவெடி.

"இந்தச் சிட்டுக்குருவி மாதிரி ஒரு ஆள்தான் நமக்கு வேணும்" என்று ஹெச்.ஆர். பெண்ணைக் கையோடு இழுத்து வந்து உட்கார வைத்தாள். "முகம் தெரியாதவங்களுக்காக இப்படி மெனக்கெடறார் பாரு. இதுக்குப் பேர்தான் பொறுப்பு."

அவள் பார்க்கப் பார்க்கவே சிட்டுக்குருவிக்கு மெசேஜ் தட்டினாள். 'காலையில கோபத்துல ஏதோ சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. எங்க கம்பெனிக்கு வேலைக்கு வர்றீங்களா?'

பதில் வந்தது. இருவரும் சேர்ந்தே படித்தார்கள்.

'சந்தோஷமா வரேங்க. இன்னைக்குக் காலையில ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். கூப்பிட்ட நேரத்துல உங்க மெசேஜ். ஆஸ்பத்திரி ஆப்னு சொன்னீங்களா, பாதியில விட்டுட்டு எழுந்திரிக்க மனசு வரல. பொறுப்பில்லாதவங்களுக்கு இடமில்லன்னு வெளிய அனுப்பிட்டாங்க. மீன் தொட்டிகிட்ட ஆரம்பிச்சதைப் படிக்கட்டுல உட்கார்ந்துதான் முடிச்சேன். அது போகட்டும், உங்க ஆபீஸ் எங்கங்க இருக்கு?'