மாமாவுக்கு வைத்த சோதனை

“அக்கா வீட்டுக்காரர்னு பார்க்காதீங்க சார், அவருக்குக் காது மந்தமாயிடுச்சு” என்று இரண்டு பாடகர்கள் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

ஒலிப்பதிவுக்கூடம் என்னுடையது. பதிவான பாட்டுகளில் இரைச்சலை நீக்கிச் சுத்தம் செய்வது மாமா. அந்தச் சம்பளத்தில்தான் அக்கா வீட்டில் அடுப்பெரிகிறது. அவரை நிறுத்தவும் மனமில்லை, பாடகர்கள் பேச்சை ஒதுக்கவும் முடியவில்லை. ஒரு பெண் பாடிய பாட்டில் மின்விசிறி இரைச்சலை மெல்லிதாகக் கலந்து அவரிடம் கொடுத்தேன்.

மாமா ஸ்பீக்கரை அணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பிரவுசரில் சத்தத்தைப் படமாகக் காட்டும் பக்கத்தில் பாட்டைத் திறந்தார். அது திரையில் வண்ணப் பட்டைகளாக ஓடியது.

“கீழ தெரியறது கனத்த சத்தம், மேல தெரியறது கீச்சுச் சத்தம். சத்தம் கூடினா நிறம் பளிச்சுன்னு ஆகும் மாப்ளே” என்று ஆசையாக விளக்கியவர், சட்டென்று நிறுத்தினார். “அடியில ஒரு கோடு நேரா ஓடுது பாரு. குரல்னா வளையும், நெளியும். இது ஃபேன்! எந்தக் கழுதை போட்டு வச்சது?”

“அந்தக் கழுதை நான்தான் மாமா!”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரித்தபடி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காதில் ஒன்றும் விழவில்லை. வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அதன் முனை எதிலும் செருகப்படாமல் மேசைக்கடியில் தொங்கியது.

“இது எப்ப மாமா கழண்டுச்சு?”

என் உதடுகளையே உற்றுப் பார்த்தவர், முகம் மலரத் தலையாட்டினார்.

“ஆமா மாப்ளே, நல்லாத்தான் பாடியிருக்கா.”