கம்பி சுற்றிய கெண்டி

கணினித் திரையில் அந்தக் காப்பிக் கெண்டியைப் பார்த்ததும் டோர்லைஃப் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார்.

1934இல் எடுத்த படம். பனிவெளியில் வேட்டைக்காரன் யால்மாரின் மரக்குடிசை. சுவர்த் தட்டில் கெண்டி. கைப்பிடியில் சுற்றிய கம்பி கூடத் துல்லியமாகத் தெரிந்தது.

"திங்கக்கிழமை நாங்க போய்க் குடிசையை மூலைமுடுக்கு விடாம படம் பிடிக்கிறோம். பழசு, புதுசு ரெண்டையும் இணையத்துல பக்கத்துப் பக்கத்துல போட்டுடுவோம்" என்றாள் காப்பக அதிகாரி குன்வோர், அலுவலகக் காப்பிப் பாத்திரத்தைத் தேய்த்தபடி.

"சோப்பு போடாதே தாயே, ருசி போயிடும். எங்க வீட்ல அதைக் கழுவுற பழக்கமே கிடையாது" என்று டோர்லைஃப் பேச்சை மாற்றினார். அவர் கழுவாத கதை ஊரறிந்த கேலி.

வடதுருவத்தை ஒட்டிய தீவு ஊரான லாங்இயர்பியனில் சட்டம் எல்லாருக்கும் தெரியும். 1946க்கு முன் மனிதர் விட்டுப்போன எதையும், துருப்பிடித்த ஆணியானாலும், எடுக்கக் கூடாது. காப்பகத்தில் பழைய படங்களைக் கணினியில் ஏற்றும் டோர்லைஃபே மாட்டினால் வேலை போகும், மானம் போகும், தீவை விட்டே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் திங்கட்கிழமைக்குப் பிறகு வாய்ப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நான்கு மாதம் கழித்துச் சூரியன் ஊருக்குள் எட்டிப்பார்க்கும் நாள். ஊரே பழைய மருத்துவமனைப் படிக்கட்டில் கூடிச் சூரியனைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருக்க, டோர்லைஃப் முதுகுப் பையும் கரடிக்குத் துப்பாக்கியுமாகப் பனிவண்டியைக் கிளப்பினார்.

குடிசைக்குள் ஐந்தே நிமிட வேலை. வெளியே வந்து காலடித் தடங்களைக் கலைத்தார். முகத்தில் வெயில் பட்டது. வீடு வரும்வரை பாடிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்க்கிழமை குன்வோர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே அவர் மேசைக்கு வந்தாள். டோர்லைஃப் தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது காணாம போயிருக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போகலை. கெண்டி கூடத் தட்டுலதான் இருக்கு. ஆனா யால்மார் செத்து எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கெண்டிக்குள்ள காப்பி மண்டி இன்னும் மணக்குது. நல்லவேளை, மூடியைத் திறந்து பார்த்தது நான் மட்டும்தான்."

குன்வோர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் பக்கம் குனிந்தாள்.

"அடுத்த தடவை, திருடினதைத் திருப்பி வைக்கிறப்பவாவது கழுவி வைங்க."